கிருஷ்ணகிரி எஸ்.எஸ்.பி. மையத்தின் ‘உயர் அதிகாரிகளும் நேர்மையும்’ ஞாயிறு வகுப்பு: 3,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ‘ஆர்மி டிரெயினிங் அகாடமி’ போர்டுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவை அக்னிவீர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப்ஸ், பொது அறிவு என்று பழக்கிவிடுகிறவை. அதிகாரிப் பதவிக்கான என்.டி.ஏ., சி.டி.எஸ். தேர்வுகளை எழுதி, எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கென்று நடப்பவை குறைவு. அப்படி ஒரு மையம் கிருஷ்ணகிரி நகரில், வழக்கமான எஸ்.எஸ்.பி. பயிற்சியோடு கலக்காமல், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தனி வகுப்பு ஒன்று வைத்திருக்கிறது. பொருள்: உயர் ராணுவ அதிகாரிகளின் நேர்மை. எங்கே சறுக்குகிறார்கள், ஏன் சறுக்குகிறார்கள், சட்டம் என்ன செய்கிறது என்பதுதான் பாடம். நடத்துகிறவர்கள் மூன்று பேர்: ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல், ஓய்வு பெற்ற சுபேதார் மேஜர், ராணுவத் தீர்ப்பாய வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞர்.

இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் கொடுத்த காசுக்கு மேலேயே தருகின்றன. முதல் ஞாயிறு பாதிக் கிணறு. மூன்றாவதைத் திருத்தி எழுதாமல் அடுத்த பேட்ச் தொடங்கக் கூடாது.

முதல் நாள் செட்வுட் வாசகத்தில் தொடங்குகிறது. 1932 டிசம்பரில் டேராடூன் ராணுவ அகாடமித் திறப்பு விழாவில் அன்றைய தலைமைத் தளபதி சர் ஃபிலிப் செட்வுட் சொன்ன வரிசை: நாட்டின் பாதுகாப்பும் மானமும் எப்போதும் முதலில், உன் கீழ் இருக்கிற வீரர்களின் நலம் அடுத்து, உன் சொந்த சுகம் கடைசியில். இதை எல்லா மையமும் சுவரில் எழுதி வைத்திருக்கும். இங்கே சுபேதார் மேஜர் பக்கத்திலேயே ஒரு நடுகல் படத்தைக் காட்டுகிறார். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அந்தக் கற்களைப் பார்த்திருப்பார்கள். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று முடிகிற அந்த எழுத்துகளில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும், பிறகு தலைவனின் பெயர், அதற்கும் பிறகுதான் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன். செட்வுட் வரிசையில் தலைவனும் வீரனும் இடம் மாறிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும், வாசகத்தை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். நல்ல ஆசிரியர்.

அடுத்து எஸ்.எஸ்.பி. பார்க்கிற 15 அதிகாரிப் பண்புகள். பலர் கவனிக்காத விஷயத்தை இந்த வகுப்பு சரியாகவே தொடுகிறது: அந்தப் பட்டியலில் ‘நேர்மை’ என்று தனியாக ஒன்று கிடையாது. பொறுப்புணர்ச்சி உண்டு, துணிவு உண்டு, ஒத்துழைப்பு உண்டு. நேர்மைக்குத் தனி மதிப்பெண் இல்லை. பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்? உளவியலாளர், குழுச் சோதனை அதிகாரி, நேர்முக அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கடைசி நாள் கான்ஃபரன்ஸில் ஒன்றாக உட்காருகிறார்கள். தன்னைப் பற்றி நிரப்பித் தருகிற விவரப் படிவத்தில் எழுதியது ஒன்று, படத்தைப் பார்த்து எழுதுகிற கதையில் வெளிப்பட்டது இன்னொன்று, மைதானத்தில் குழுச் சோதனையில் செய்தது வேறு என்றால் ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

விவரப் படிவத்துக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது வீணில்லை. ‘மாவட்ட அளவில் கபடி’ என்று எழுதுகிற பையன் பள்ளி ஆண்டு விழாவில் ஒருமுறை ஆடியவனாக இருப்பான். நேர்முக அதிகாரி பொய் சொல்கிறாயா என்றெல்லாம் கேட்க மாட்டார். ஒரு ரெய்டுக்கு எத்தனை வினாடி, போனஸ் கோட்டைத் தொட்டால் எப்போது புள்ளி, எதிரணியில் எத்தனை பேர் இருந்தால்தான் போனஸ் செல்லும், நீ ஆடிய கடைசி ஆட்டம் எந்த ஊரில் என்று நான்கு கேள்வி வரும். 30 வினாடி என்று டக்கென்று சொல்கிறவன், எதிரணியில் ஆறு பேராவது வேண்டும் என்ற இடத்தில் நிற்பான். குடும்ப வருமானத்தைக் குறைத்து எழுதுவது, என்.சி.சி. சான்றிதழ் கிரேடைக் கூட்டி எழுதுவது, முன்பு போய்த் தேறாத எஸ்.எஸ்.பி.யை மறைப்பது என்று மூன்றையும் படிவத்திலேயே வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம். பழைய முயற்சிகளின் பதிவு அவர்களிடமே இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மதியம் அதே மையம் இந்தச் சூழ்நிலையில் நீ என்ன செய்வாய் என்று கேட்கிற சூழ்நிலைச் சோதனைக்கு ‘மாதிரி விடைகள்’ என்று ஒரு தாளைக் கொடுக்கிறது. 30 நிமிடத்தில் 60 சூழ்நிலை, ஒன்றுக்கு அரை நிமிடம். நண்பன் காப்பி அடிப்பதைப் பார்க்கிறான், மேலதிகாரி கணக்கை மாற்றச் சொல்கிறார், வழியில் பணப்பை கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த பதில். காலையில் நேர்மை பற்றிப் பாடம், மதியம் இரவல் நேர்மை. மனப்பாடம் செய்த பதில் அதே நாளில், காட்டுகிற சொல்லுக்கு மனதில் பட்டதை எழுதச் சொல்கிற 60 சொற்கள் சோதனையில் உடைந்துவிடும். அங்கே ஒரு சொல்லுக்கு 15 வினாடிதான், தயாரித்து வைத்த முகம் அவ்வளவு வேகத்தில் வராது. அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ஞாயிறுக்காகவே இந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம். பேச்சு கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொள்முதல் கோப்பு, 40 நிமிடம். ஒரு யூனிட்டுக்குத் தண்ணீர்த் தொட்டிகள் வாங்குகிறார்கள். நீங்கள் அந்தக் கொள்முதலைச் சரிபார்க்கிற அதிகாரிகள் போர்டின் இளைய உறுப்பினர். போர்டின் தலைமை அதிகாரியும் இன்னோர் உறுப்பினரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. உங்கள் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது.

கோப்பில் மூன்று ஓட்டைகள் ஒளிந்திருக்கின்றன. மூன்று கொட்டேஷன்களில் இரண்டுக்கு ஒரே தொலைபேசி எண். இதைப் பெரும்பாலான பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது, கமாண்டரின் நிதி அதிகாரம் 5 லட்சம் என்று கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. தேவை 9.2 லட்சம். அதை 4.8, 4.4 என்று உடைத்து மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஆர்டராகப் போட்டிருக்கிறார்கள். மேலிட ஒப்புதலுக்குப் போகாமல் இருக்க அரசுத் துறைகள் அத்தனையும் அறிந்த பழைய வித்தை. பாதிப் பேர் இதில் கோட்டை விடுகிறார்கள். மூன்றாவதைப் பிடிப்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்: பொருள் வந்து சேர்ந்ததாகப் போட்ட ரசீதின் தேதி, சப்ளை ஆர்டரின் தேதிக்கு முன்னால் இருக்கிறது. ஆர்டர் போடுவதற்கு முன்பே தொட்டி வந்துவிட்டது என்றால், போர்டே பிறகு ஜோடித்த காகிதம் என்று பொருள்.

ஓட்டையைக் கண்டுபிடித்தால் பாதி மதிப்பெண்தான். அடுத்து என்ன செய்வாய் என்பதற்கு மீதி. ‘கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று எழுதுகிறவர்களுக்கு லெப்டினன்ட் கர்னல் பத்துக்கு மூன்றுதான் போடுகிறார். மறுத்துவிட்டு வெளியே போனால் கோப்பில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரை உறுப்பினராகப் போட்டு முடித்துவிடுவார்கள். தலைமை அதிகாரியிடம் முதலில் நேரில் கேட்பது, பதில் திருப்தியில்லை என்றால் எந்தத் தாளில் எந்தத் தேதி இடிக்கிறது என்று பக்க எண்ணோடு மாற்றுக் கருத்தை எழுதுவது, அதன் கீழே கையெழுத்துப் போடுவது, ‘அதெல்லாம் வேண்டாம், போடு’ என்று உத்தரவு வந்தால் அதை எழுத்தில் கேட்பது. பத்துக்குப் பத்து வாங்கும் விடை இந்த வரிசையில் போகிறது. ராணுவச் சட்டம் 41ஆம் பிரிவு தண்டிப்பது சட்டப்படியான உத்தரவை மீறுவதை மட்டும்தான் என்பதை இந்த இடத்தில் சொல்வது மிகப் பொருத்தம்.

அரசுப் பணத்துக்கும் ரெஜிமென்ட் நிதிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இதே கோப்பை வைத்தே விளக்குகிறார்கள். அரசுப் பணத்தை ராணுவக் கணக்குத் துறை தணிக்கை செய்யும். கேன்டீன் லாபம் போன்றவை சேருகிற ரெஜிமென்ட் நிதியைப் பார்ப்பது பெரும்பாலும் அதே யூனிட் அதிகாரிகளின் போர்டு. கமாண்டரின் செலவை அவருக்குக் கீழே உள்ள மேஜர் சரிபார்க்க வேண்டும். அந்த மேஜரின் வருடாந்திர ரகசிய அறிக்கையை எழுதத் தொடங்குபவர் அதே கமாண்டர். 9 மதிப்பெண் அளவுகோலில் 9க்குப் பதிலாக 8 விழுந்தாலே பதவி உயர்வு போர்டில் ஆள் பின்னால் போய்விடுவார். உயரத்தில் இருப்பவர் தவறு செய்யும்போது கீழே ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இதையொட்டி அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியிலிருந்து 2015இல் வந்த ஆய்வை இரண்டே நிமிடத்தில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். கட்டாயப் பயிற்சி, கட்டாய அறிக்கை என்று மேலிருந்து இறங்குகிற வேலைகள், இருக்கிற நாட்களில் செய்து முடிக்க முடியாத அளவுக்குக் குவியும்போது, நல்ல அதிகாரிகளும் செய்யாததைச் செய்ததாக டிக் அடிக்கப் பழகிவிடுகிறார்கள் என்பதே அதன் சாரம். பொய்க் கையெழுத்து இப்படித்தான் பழக்கமாகிறது, ஜெனரல் ஆன பிறகு புதிதாகத் தொடங்குவதில்லை. இதற்கு அரை மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு, ‘வழக்குகள்’. பத்திரிகைத் துண்டுகளை ஸ்லைடாகப் போட்டு ஓட்டுகிறார்கள். முக்கியமான சறுக்கல் இங்கேதான்.

சுக்னா நில விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தில் ராணுவத்தின் 33ஆவது கோர் (பெரிய படைப்பிரிவு) தலைமையகத்தை ஒட்டிய 71 ஏக்கர் நிலத்தில் தனியார் கட்டுமானத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்த விஷயம். கோர் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரலைக் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்றம், 2011இல் தண்டித்தது. ஸ்லைடு அதோடு நின்றுவிடுகிறது. 2014இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது என்பது ஸ்லைடில் இல்லை. நேர்மையைப் பற்றிய வகுப்பில் ஒரு மனிதரைப் பாதிக் கதையோடு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைப்பது அழகா? எஸ்.எஸ்.பி. குழு விவாதத்தில் எவனாவது இதை எடுத்துப் பேசி, எதிரே இருப்பவனுக்கு 2014 தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

ஆதர்ஷ் குடியிருப்பிலும் இதே கதை. மும்பை கொலாபாவின் அந்த 31 மாடிக் கட்டடத்தில் இரண்டு முன்னாள் தரைப்படைத் தளபதிகளுக்கும் ஒரு முன்னாள் கடற்படைத் தளபதிக்கும் வீடு ஒதுக்கப்பட்டதும், 2010இல் செய்தி வெடித்த பிறகு திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னதும், மகாராஷ்டிர முதலமைச்சர் பதவி விலகியதும் உண்மை. ஆனால் ‘கார்கில் விதவைகளின் நிலம்’ என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். விசாரித்த நீதி ஆணையம் அந்த நிலம் மாநில அரசுடையது, கார்கில் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல என்றே சொன்னது. அதனால் தகுதியில்லாதவர்கள் உள்ளே வந்தது சரியாகிவிடாது. தவறு எது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஹெலிகாப்டர் கொள்முதல் வழக்கில் முன்னாள் விமானப்படைத் தளபதி 2016இல் கைதானதை முடிந்த தீர்ப்பு மாதிரிப் பேசுவதும் இதே ரகம். கைது வேறு, தண்டனை வேறு.

டட்ரா லாரி விவகாரம்தான் இந்த வகுப்பின் மையக் கருத்துக்கு மிக நெருக்கமானது. ராணுவத்துக்கு வாங்குகிற லாரிகளுக்கு ஒப்புதல் தர 14 கோடி ரூபாய் லஞ்சம் கொடுக்க முன்வந்தார்கள் என்று அப்போதைய தரைப்படைத் தளபதி 2012 மார்ச்சில் பேட்டியில் சொன்னார். நடந்ததாகச் சொன்னது 2010இல். பாதுகாப்பு அமைச்சரிடம் அப்போதே சொன்னேன் என்றார் அவர். சொன்னது உண்மை, ஆனால் மேற்கொண்டு போக விருப்பமில்லை என்று அவரே கூறினார் என்றார் அமைச்சர். எழுத்தில் புகார் இல்லாததால் இருவர் சொல்லும் மோதின. இரண்டாவது ஞாயிறின் ‘எழுத்தில் கேள்’ பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. வகுப்போ அதை ஊழல் கதையாக மட்டும் சொல்லிக் கடந்துபோகிறது.

வெளிநாட்டு வழக்குகளில் இரண்டைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஏழாவது கடற்படைப் பிரிவின் கப்பல்கள் ஆசியத் துறைமுகங்களில் நிற்கும்போது எரிபொருள், இழுவைப் படகு, கழிவுநீர் அகற்றல் எல்லாவற்றுக்கும் ஏற்றி வைத்த பில் போட்ட ஒப்பந்தக்காரர், அதிகாரிகளை விருந்தாலும் ஓட்டல் அறைகளாலும் வளைத்துப்போட்ட கதை. 2013இல் அவர் கைதானார். அதில் சிக்கிய ரியர் அட்மிரல் ராபர்ட் கில்போ ஒப்புக்கொண்ட குற்றம் விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னது. 2017இல் 18 மாதச் சிறை. இன்னொன்று, அமெரிக்க ராணுவத்தின் ஆப்பிரிக்கக் கமாண்டின் முதல் தளபதி வில்லியம் வார்டு. அரசுச் செலவில் குடும்பப் பயணம், தேவைக்கு மிஞ்சிய ஓட்டல் என்று 82,000 டாலர் திருப்பிக் கட்டச் சொல்லி, நான்கு நட்சத்திரத்திலிருந்து மூன்றுக்கு இறக்கி 2012இல் ஓய்வு கொடுத்தார்கள். பெரிய ஊழலை மட்டுமே எதிர்பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சில்லறைத்தனம் நல்ல அதிர்ச்சி.

நேர்மை என்றால் பணம் மட்டுமில்லை என்பதற்கு, 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷாவை வைத்திருக்கிறார்கள். 1971 ஏப்ரலில், உடனே போருக்குப் போக முடியாது, படைக்கு அவகாசம் வேண்டும் என்று இந்திரா காந்தியிடம் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது பத்து வருடம் முந்தையது. நம் நீலகிரி வெலிங்டன் கல்லூரியின் கமாண்டன்ட்டாக இருந்தபோது அவர் மீதே விசாரணை நீதிமன்றம் (கோர்ட் ஆஃப் என்கொயரி என்கிற ராணுவ உள்விசாரணை) வைத்தார்கள், குற்றமற்றவர் என்று முடிந்தது. மேலிடத்துக்குப் பிடிக்காததைப் பேசியவருக்கு அந்த நடைமுறை எப்படி வேலை செய்தது என்று அரை நாள் விவாதிக்கலாம். ஒரு ஸ்லைடோடு விட்டுவிட்டார்கள். 1959இல் அன்றைய தரைப்படைத் தளபதி ஜெனரல் திம்மையா ராஜினாமா கொடுத்து, நேரு பேசியதும் திரும்பப் பெற்றாரே, அது சரியா தவறா? அதையும் கேட்டிருக்கலாம்.

உள்ளூர்ச் சரக்கை விட்டதும் ஏமாற்றம்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தபோது வரி நிர்வாகத்துக்கு கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அனுப்பியது ராணுவ அதிகாரிகளை: கேப்டன் அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ போன்றவர்கள். ஊர் மொழி தெரிந்த சிவில் ஆட்கள் இல்லை என்பது ஒரு காரணம். அதே கார்ன்வாலிஸ்தான் கலெக்டர்களின் சம்பளத்தைக் கூட்டி, சொந்த வியாபாரம் கூடாது என்று தடுத்தவர். சம்பளம் கூடினால் கை சுத்தமாகுமா என்ற விவாதத்துக்கு நம் மண்ணிலேயே ஆதாரம் கிடக்கிறது.

நான்காவது நாள் வழக்கறிஞருடையது. 1950 ராணுவச் சட்டத்தைக் கையில் கொடுத்து, பிரிவு பிரிவாகக் கேள்வி கேட்கிறார். 45: அதிகாரிக்குத் தகாத நடத்தை. 52: சொத்துக் குற்றங்கள், 10 ஆண்டு வரை. 57: பொய் ஆவணம், பொய் உறுதிமொழி, 14 ஆண்டு வரை. திருட்டைவிடப் பொய்க் கையெழுத்துக்குக் கூடுதல் தண்டனை என்பதைப் பிள்ளைகள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். அடுத்து 122ஆம் பிரிவின் மூன்று ஆண்டுக் கெடு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, நடவடிக்கை எடுக்க அதிகாரமுள்ளவருக்குத் தெரிந்த நாள் எது என்பதில்தான் பல வழக்குகள் சிக்குகின்றன. ஓய்வு பெற்றுவிட்டால் தப்பித்தாயிற்று என்று நினைப்பவர்களுக்கு 123ஆம் பிரிவு: பணியை விட்ட மூன்று ஆண்டுக்குள் விசாரணை தொடங்கினால் போதும்.

அவர் அதிகம் அழுத்துவது ராணுவ விதி 180ஐ. விசாரணை நீதிமன்றத்தில் ஒருவரின் நற்பெயர் பாதிக்கப்படும் என்றால், அவர் முழு விசாரணையிலும் உடனிருக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் அவசரப்பட்டால் குற்றம் செய்தவரும் பிறகு தப்பிப் போவார். ஜெனரல் கோர்ட் மார்ஷலுக்குக் குறைந்தது ஐந்து அதிகாரிகள் வேண்டும், அவர்கள் கூடுமானவரை குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கீழான பதவியில் இருக்கக் கூடாது. லெப்டினன்ட் ஜெனரலை விசாரிக்க அதே படியில் உள்ளவர்களைத் தேட வேண்டும். அந்தப் படியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேட்ச்மேட் அல்லது பழைய சகா. விஷயம் எங்கே இறுகுகிறது என்று இதிலேயே புரியும்.

வசதிகளைப் பொறுத்தவரை: காலை 9.30 முதல் 4 மணி வரை. மதியச் சாப்பாடு கிடையாது, டீ மட்டும் இரண்டு வேளை. மாடி அறையில் கடைசி இரண்டு வரிசைக்கு ஸ்லைடு எழுத்து தெரியாது, 9.15க்கே போய்விடுங்கள். பாடம் தமிழில். அது புரிவதற்கு நல்லது, ஆனால் எஸ்.எஸ்.பி. பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால் கோப்புப் பயிற்சிக்காவது ஆங்கிலத்தில் விடை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் அப்படியே எழுத விடுகிறார்கள், திருத்தியும் கொடுக்கிறார்கள். நோட்ஸ் ஜெராக்ஸ்தான், சட்டப் பிரிவுப் பக்கங்கள் மட்டும் தெளிவு. தர்மபுரியிலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்.

எழுத்துத் தேர்வு முடிந்து எஸ்.எஸ்.பி. அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் சேரலாம். இன்னும் கணக்குத் தாளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் அக்னிவீர் ஓட்டத்துக்குப் பழகுகிறவர்களுக்கும் இது இப்போது தேவையில்லை. இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளுக்கு மட்டும் பணம் கட்ட வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் இல்லை, நேரில் கேட்டால் 2,000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: கோப்பைத் திருத்துவது லெப்டினன்ட் கர்னலே தானா என்று. கூட்டம் அதிகமான பேட்ச்களில் பழைய மாணவர்கள் திருத்துகிறார்கள், அவர்களுக்கே அந்த ரசீதுத் தேதி கண்ணில் படுவதில்லை.